தேசம்மாக்காவின் பாடு

பழவேற்காட்டில் பொன்னேரி பஸ்சுக்காக நின்றிருந்தபோது பக்கத்து வீட்டுத் தம்பி போன் செய்தான். "அண்ணா, நம்ம தேசம்மாக்கா பூட்டாங்கண்ணா." பஸ் வந்தது, நான் ஏறவில்லை. எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, நிம்மதி. இனி அந்த முகத்துக்கு எதிரே போய் நிற்க வேண்டாம் என்ற நிம்மதி. எழுதவே கூசுகிறது. ஆனாலும் அக்காவை அறிந்த உங்களிடம் எதை மறைக்க?

எங்கள் குப்பத்தில் ஏரியின் நல்ல இடங்களில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை போட முடியாது. குடும்பத்துக்கு ஒரு முறை வரும். அதைத்தான் பாடு என்கிறோம். அது ஆண்கள் பேரில்தான் இருக்கும். அக்காவின் கணவர் படுத்த படுக்கையானதும் அவர் முறைக்குப் படகேறி வலை இழுத்தது அக்காதான். ஊர் கண்டும் காணாமல் இருந்தது. அவர் இறந்ததும், ஆண் வாரிசு இல்லையென்று பாட்டை எடுத்துக்கொள்ளப் பார்த்தது.

கூட்டத்துக்கு முன் அக்கா என்னிடம் வந்தார்.

"வலைய இழுக்கிறது ஆம்பள கையா பொம்பள கையான்னு இறாலு கேக்குதா இன்னா? தலைவரு உன் மாமாதானே நைனா. ஒரு வார்த்த சொல்லு."

சொல்கிறேன் என்றேன்.

கோயில் வாசலில் கூட்டம். பெண்கள் அங்கே வருவதில்லை. அக்கா சுவருக்கு அப்பால் நின்றார். "யாருக்காச்சும் ஆட்சேபண இருக்குதா?" என்று கேட்டுவிட்டு மாமா என்னைப் பார்த்தார். நான் வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் பாடு பறிபோனது, பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் எதிரே வந்த அக்கா, "இன்னா நைனா, நேத்து தொண்ட கட்டிக்கிச்சா?" என்று சிரித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதன்பின் முழங்கால் சேற்றில் இறங்கி, கையால் இறால் தடவிப் பிடித்துத்தான் மகளை வளர்த்தார். நான் அந்தக் கரைப்பக்கம் போவதையே விட்டேன். எத்தனையோ கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொன்றிலும், அடுத்ததில் பேசிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

கருமாதி முடிந்து கூடிய கூட்டத்தில் எழுந்தேன். அக்காவுக்கு மறுத்த பாட்டை அவர் மகள் செல்விக்குக் கொடுங்கள் என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை. யோசிப்போம் என்றார் மாமா. வெளியே செல்வி எனக்காக நின்றிருந்தாள்.

"இவ்ளோ சுளுவா பேச வருதே மாமா. எங்கம்மா இருக்கசொல்ல இன்னா பண்ணீங்க?"

செல்விக்காக இன்னும் எத்தனை முறையானாலும் எழுந்து பேசுவேன். அதனால் என் குற்றம் கழிந்துவிடாது. மன்னிக்க வேண்டியவர் போய்விட்டார். அக்கா நினைவாக என்னிடம் இருப்பது இந்த வெட்கம் ஒன்றுதான். இதை இனி விரட்டப் போவதில்லை. என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும்.