மார்லிஸின் கட்டைவிரல்

கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் மவுஸின் மேல் கை வைப்பாள் மார்லிஸ் ஹௌகன். அசைக்க மாட்டாள், அழுத்த மாட்டாள். அமெரிக்காவின் டுலூத் நகரில் ஒரு கணினிக் கடை நடுவே, பனிக்காலணியும் தடித்த கோட்டுமாக, வேண்டுதலுக்கு நிற்பவள் மாதிரி நிற்பாள். சுண்டுவிரல் மேசையில் உரசுகிறதா, உள்ளங்கை அந்தரத்தில் தொங்குகிறதா, பக்கவாட்டுப் பொத்தானுக்குக் கட்டைவிரல் எட்டிப் போகவேண்டியிருக்கிறதா என்பதெல்லாம் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் தெரியாதாம். "கண்ணு கலரைப் பாத்து மயங்கிடும். கைக்கு அந்தச் சபலம் கிடையாது," என்பாள்.

விளக்கு மின்னுகிற மவுஸ் எதுவும் அவளுக்கு ஆகாது. "இது என்ன, கிறிஸ்துமஸ் மரமா?" என்று ஒதுக்கிவிடுவாள். நாற்பது டாலருக்கு மேல் விலை சொன்னால் போயிற்று. "அவ்வளவு குடுத்தா அதுவே ஆடணும். நான் பக்கத்துல உக்காந்து காபி குடிப்பேன்."

வயது ஐம்பத்தொன்று. வேலை, பல் மருத்துவமனையில். மெல்லிய கொக்கியை இரண்டு விரலில் இடுக்கிப் பகலெல்லாம் ஊரார் பல்லில் கறை சுரண்டுகிறவள், வீடு வந்ததும் கணினித் துப்பாக்கி ஆட்டத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஊர்ப் போட்டியில் 'உறைந்த மீன்கள்' அணியின் ஐந்து பேரில் தூரத்திலிருந்து குறி பார்த்துச் சுடுகிறவள் அவள்தான். மற்ற நால்வருக்கும் அவள் வயதில் பாதிகூட இருக்காது. சும்மா சொல்லக் கூடாது, அவளுக்குப் பயந்தே எதிரணியினர் சுவரோரமாகப் பம்முவார்கள்.

இத்தனை தெரிந்தவளும் ஒரு முறை சறுக்கினாள். அணித்தலைவன் டேரில் நீமி, தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவன், போன இலையுதிர் காலத்தில் தள்ளுபடி வந்தபோது ஐந்து பேரையும் ஒரே மவுஸ் வாங்க வைத்தான். உலகப் போட்டிக்காரர்கள் வைத்திருப்பதாம். எடை குறைய உடம்பெல்லாம் ஓட்டை போட்டு, இறகு மாதிரி லேசாக இருந்தது. மார்லிஸின் நீளக் கைக்கு அது சிறிசு, தொட்டவுடனே தெரிந்துவிட்டது. வேண்டாம் என்றால் கிழவிக்குப் புதுசு ஒத்துவரவில்லை என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டாள். குளிர்காலம் பிறந்ததும் கட்டைவிரல் மரத்துப்போகத் தொடங்கியது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளுடைய நாற்காலியில் மாற்று ஆட்டக்காரன் வெண்டெல் உட்கார்ந்துவிடுவான். அந்த நாற்காலி போனால் தனக்கு ஊரார் பல்லைத் தவிர ஒன்றும் மிஞ்சாது என்று அவள் நினைத்தாள்.

இறுதிப் போட்டிக்கு முந்தின நாள், கடையின் மூலைத் தட்டில் முதுகு புடைத்த ஒரு கறுப்பு மவுஸ் அகப்பட்டது. முப்பது டாலர். கண்ணை மூடினாள். கை அதன்மேல் அப்படியே படிந்தது.

"அதை ஆபீஸ்காரங்கதான் வாங்குவாங்க, மார்லிஸ்," என்றாள் விற்பனைப் பெண்.

"என் கையும் வேலைக்குப் போற கைதானே."

வாங்கினாளே தவிர, கோட்டுப் பையிலேயே கிடந்தது. போட்டி நேரத்தில் எவரும் மவுஸ் மாற்றமாட்டார்கள். குறியெல்லாம் புதிதாகப் பழக வேண்டும்.

சனிக்கிழமை பிற்பகல், போட்டிக் கூடம். மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டம் பறிபோனது, அவளால்தான். புகைக்குண்டு வீசும் பொத்தானைக் கட்டைவிரல் அழுத்தியதா இல்லையா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"தூங்குறியா?" என்றான் டேரில். பின்னால் வெண்டெல், உட்காரத் தயாராக, தன் மவுஸின் சுருட்டிய கம்பியைப் பிரித்தபடி நின்றிருந்தான்.

மார்லிஸ் கட்டைவிரலை உதறினாள். "விரல் மரத்துப் போச்சு," என்றாள். "பனி விழ ஆரம்பிச்சதிலேருந்தே இப்படித்தான்."

"இப்பதான் சொல்றியா? கையை எடு. எழுந்திரு."

"மாட்டேன். மவுஸைத்தான் மாத்தப் போறேன்."

கோட்டுப் பையிலிருந்து வெளியே வந்த கறுப்பு மவுஸைப் பார்த்ததும் டேரிலின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. "அதுல நீ ஒரு தடவைகூட ஆடினது இல்லையே."

"இல்ல."

"தோத்தா?"

"இனிமே வெண்டெல் உக்காரட்டும். அப்புறம் நான் வரவே மாட்டேன்."

அவன் தலையசைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினான்.

இரண்டாவது ஆட்டத்தில் அவள் சுட்ட முதல் குண்டுகள் எங்கோ சுவரில் போய்ப் பட்டன. கறுப்பு மவுஸ் கனமாக நகர்ந்தது. குறி ஆளை எட்டுவதற்குள் ஆள் ஓடிவிட்டான். எதிர்ப்பக்கம் சிரித்தார்கள். காது சூடாகியது. அவள் மவுஸின் வேகத்தைக் கூட்டினாள், குறி ஆளைத் தாண்டிப் போனது. ஒரு படி குறைத்தாள். கையை விரட்டுவதை விட்டுவிட்டு, அதன் போக்கில் விட்டாள். அடுத்தவன் விழுந்தான், அதற்கடுத்தவனும். ஆட்டம் சமனாயிற்று.

மூன்றாவது ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் எதிரணியில் ஒருவன் மிச்சம். இவர்களில் மார்லிஸ் மட்டும். ஆட்டத்தில் செத்துவிழுந்த நால்வரும் அவள் திரையையே பார்த்தார்கள். கட்டைவிரலின் கீழே பொத்தானின் விளிம்பு தெரிந்தது, சொரசொரப்புகூடத் தெரிந்தது. அழுத்தினாள். புகை எழுந்தது. புகையைக் கிழித்துக்கொண்டு வந்தவனை ஒரே குண்டில் சாய்த்தாள்.

நாற்காலிகள் பின்னால் உருண்டன. டேரில் ஓடிவந்து அவள் முன்னால் உள்ளங்கையை நீட்டினான், தட்டுவதற்கு. மார்லிஸ் இடது கையைக் கொடுத்தாள். வலது கையைக் கறுப்பு மவுஸின் மேலிருந்து எடுக்கவில்லை.