நீனாவுக்கு நான் கூட்டிய ஐந்து வயது

என் உண்மையான பிறந்த நாள் இந்த இத்தாலியில் ஒரேயொரு இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. நீல அட்டை போட்ட, உள்ளங்கை அகலமான ஒரு சிறு புத்தகத்தில். இந்த நாட்டில் இருக்கத் தந்த அனுமதிப் பத்திரமான என் பெர்மெசோவில் அது இல்லை. வேலைப் பத்திரத்தில் இல்லை, ஆஸ்பத்திரி அட்டையில் இல்லை. அவற்றிலெல்லாம் நான் ஜனவரி முதலாம் திகதி பிறந்தவள். அந்த நீலப் புத்தகம் ஒரு நாயினுடையது. தடுப்பூசி விபரம் பதிகிற புத்தகம். அதன் முதற் பக்கத்தில், நீலக்கறுப்பு மையில், அடிமட்டம் வைத்து எழுதியதுபோன்ற நேரான எழுத்தில் ஒரு நாளும் மாதமும் ஆண்டும் இருக்கின்றன. நாளும் மாதமும் என்னுடையவை. ஆண்டு பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான். எழுதியவர் என் சிஞ்ஞோரா.

பலெர்மோவுக்கு வந்த பிறகு எத்தனையோ வீடுகளில் வேலை செய்திருக்கிறேன். இங்கே எந்த அம்மாவையும் மரியாதையாக சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவது. ஆனால் சிஞ்ஞோரா என்று வெறுமனே சொன்னால் எனக்கு அது அவர் ஒருவர்தான். கால்சாவில், கடற்காற்று யன்னலை அடிக்கிற ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தார். ஓய்வு பெறும்வரை மாநகரசபையின் பிறப்புப் பதிவுக் கந்தோரில் வேலை. இந்த ஊரில் பாதிப்பேர் பிறந்ததைத் தான்தான் எழுதியதாகச் சொல்வார். அதைச் சொல்லும்போது குரலில் பெருமையைவிடக் களைப்புத்தான் கூட இருக்கும். அவருக்குப் பிடிக்காத ஒரு சொல் உண்டென்றால் அது 'ஏறக்குறைய'. கபோ சந்தையில் தக்காளி வாங்கி வந்து ஏறக்குறைய ஒரு கிலோ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை வரும். "நிறுத்துத்தானே தந்தவன்? பிறகென்ன ஏறக்குறைய?" நாங்கள் கதைத்ததெல்லாம் இத்தாலியனில்தான். என் நினைவில் மட்டும் எப்படியோ அவர் எங்கள் யாழ்ப்பாணத்துத் தமிழில் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பெர்மெசோவை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்கடை ஆக்கள் எல்லாரும் ஜனவரி முதலாம் திகதியே பிறந்தனியள்?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். நாலைந்து வருடம் கழித்து ஒரு நாள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, நானாகவே அந்தக் கதையைச் சொன்னேன். என்னை அனுப்பிய ஏஜென்சிக்காரன் என் வயதில் ஆறைக் குறைத்து, திகதியையும் தன் வசதிக்குப் போட்டுவிட்டான். வயது குறைவென்றால் வேலை சுகமாய்க் கிடைக்கும் என்றான், கோதாரி விழுவான். கிடைத்ததுதான். ஆனால் பென்சன் எடுக்கவேண்டிய இந்த வயதில், இன்னும் ஆறு வருடம் உழை என்கிறது அதே பத்திரம். கேட்டுவிட்டு சிஞ்ஞோரா ஏசவில்லை, பரிதாபப்படவும் இல்லை. உண்மையான நாள் எது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு, வெங்காயத்தை இன்னும் சின்னதாய் வெட்டச் சொன்னார்.

அவருடைய கணவர் இறந்த பிறகு சாப்பாட்டை விட்டுவிட்டார். சமைத்ததை அப்படியே திருப்பி மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். வட இத்தாலியில் இருக்கிற, அவருடைய தமக்கையின் மகன் ஒரு நாய் வளர்க்கச் சொன்னார். "எனக்கு எண்பத்தொண்டு. நான் போனாப் பிறகு அது தெருவிலையே நிக்கிறது?" என்று கோபித்தார் சிஞ்ஞோரா. ஒரு கிழமை கழித்து அவரே ஒரு கணக்கோடு வந்தார். கிழட்டு நாய் என்றால் சரி. தனக்கு இன்னும் மூன்று நாலு வருடம், அதற்கும் மூன்று நாலு வருடம். இளசு எதையாவது கொண்டுவந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புவாராம். ஒன்றை அந்தரிக்க விட்டுவிட்டுச் சாக அவரால் ஏலாதாம்.

அயர்லாந்தில் பந்தயம் ஓடி முடிந்த கிரேஹவுண்ட் நாய்களை இங்கே கொண்டுவந்து வீடு தேடிக் கொடுக்கிற சிலர் இருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்து விட்டதுதான் நீனா. வரி விழுந்த மண்ணிற உடம்பு, வளைந்த முதுகு, நரைத்த முகம். பத்திரத்தில் பெண், வயது ஏறக்குறைய ஒன்பது என்றிருந்தது. வாழ்நாளில் படியென்ற ஒன்றைக் கண்டிராத சீவன் அது. கீழ்வாசலில் நின்று நடுங்கியது. நாற்பத்திரண்டு படிகளிலும் ஒவ்வொரு காலாய்த் தூக்கிவைத்து நான்தான் ஏற்றினேன். அன்று வீட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னபோது என் மனுசன், "எங்கடை பிள்ளையளுக்கும் நீர் இப்பிடி நடை பழக்கேல்லையப்பா" என்று சிரித்தார். மேலே வந்து சேர்ந்த நீனா நேரே போய், தன் பாரம் முழுவதையும் சிஞ்ஞோராவின் முழங்காலில் சாய்த்துக்கொண்டு நின்றது. சிஞ்ஞோரா அன்றைக்கு ஒரு கோப்பை பாஸ்தாவை மிச்சம் விடாமல் சாப்பிட்டார்.

பிறகு தொடங்கியது அந்த 'ஏறக்குறைய' வில்லங்கம். பந்தய நாய்களுக்குக் காதுக்குள் பச்சை எழுத்துக் குத்தியிருப்பார்கள். அதை வைத்து எங்கே, எப்போது பிறந்ததென்று கண்டுபிடிக்கலாமாம். மேசை விளக்கை இழுத்துவைத்து, நான் காதைப் புரட்டிப் பிடிக்க, சிஞ்ஞோரா பூதக்கண்ணாடியோடு குனிந்திருப்பார். ஒரு காதின் நுனி எப்போதோ கிழிந்து ஆறியிருந்தது. அதோடு எழுத்தும் போய்விட்டது. மற்றக் காதில் முதலெழுத்துத் தெரிந்தது, கடைசியும் தெரிந்தது, நடுவிலுள்ளது கரைந்து பாசிபோல் கிடந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் பார்த்தோம். யன்னல் வெளிச்சத்தில் பார்த்தோம். இன்ன எழுத்துத்தான் என்று அடித்துச் சொல்லுவார், மறுநாள் காலை அது இல்லை என்பார். பொருந்தக்கூடிய எழுத்துகளையெல்லாம் எழுதி, தமக்கை மகனைக் கொண்டு அயர்லாந்துக்கு மெயில் போட்டார். இவ்வளவை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. இத்தனை ஆராய்ச்சிக்கும் நடுவில் நீனா நின்றபடியே நித்திரை கொள்ளும்.

கடைசியில் என்னை மிருக வைத்தியரிடம் அனுப்பினார். தனக்குக் கால் ஏலாது. "பல்லைப் பாக்கச் சொல்லு, கண்ணைப் பாக்கச் சொல்லு. சரியான வயசைக் கேட்டுக்கொண்டு வா. ஏறக்குறைய எண்டால் விடாதை." இரண்டு தெரு தள்ளி ஓர் இளம் பெண் வைத்தியர் இருந்தார். அவர் வாயைத் திறந்து பார்த்தார். பாதிப் பல் சொத்தை. அது வயதால் வந்ததில்லை, பந்தயக் கொட்டகையில் கூழ்மாதிரிச் சாப்பாடு போட்டுக் கெடுத்தது என்றார். நரையும் கணக்கில்லையாம், இந்த இனத்துக்கு இரண்டு மூன்று வயதிலேயே முகம் நரைக்குமாம். பிறகு கண்ணுக்குள் டோர்ச் அடித்து, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். வயது போன நாயின் கண்ணுக்குள் பால் கலந்ததுபோல ஒரு நீல மங்கல் இருக்கும். நீனாவின் கண் கிணற்றுத் தண்ணீர்போல அடிவரை தெளிந்திருந்தது. "நாலு வயது. மிஞ்சினால் நாலரை," என்றார் வைத்தியர். என் தோளில் தட்டி, "சந்தோஷமான செய்தி, போய்ச் சொல்லுங்கோ," என்றும் சொன்னார்.

நேரே வீட்டுக்குப் போகாமல் கடற்கரைப் புல்வெளியில் ஒரு வாங்கில் போய் இருந்தேன். இந்த நாய் இன்னும் எட்டு ஒன்பது வருடம் இருக்கும். சிஞ்ஞோரா இருப்பாரா? உண்மையைச் சொன்னால் நாளைக்கே நீனாவைத் திருப்பி அனுப்புவார், சொன்ன சொல் மாறாத மனுசி. பிறகு பழையபடி மூடிவைத்த சாப்பாடுதான். என் வேலையைப் பற்றிய யோசனை வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். அதுவும் வந்தது. நீனா என் தொடையில் சாய்ந்துகொண்டு கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றது. வீட்டுக்குப் போய், "டொக்டர் வடிவாய்ப் பாத்தவ. ஒன்பது சரியாம்," என்றேன். வாய் கூசவே இல்லை. வயதில் பொய் சொல்வது எனக்கென்ன புதிதா? இந்த நாட்டில் ஒவ்வொரு கந்தோர் யன்னலிலும் நின்று நான் சொல்கிற பொய்தானே.

சிஞ்ஞோரா மேசை லாச்சியைத் திறந்து பவுண்டன் பேனையையும் அடிமட்டத்தையும் எடுத்தார். நீலப் புத்தகத்தில் 'ஏறக்குறைய' என்றிருந்ததை ஒரே கோட்டில் வெட்டினார். ஆண்டைக் கணக்குப் பார்த்து எழுதினார். "நாள்?" என்று கேட்டார். அது வைத்தியருக்கும் தெரியாதாம் என்றேன். "உன்ரை நாள் ஒரு பத்திரத்திலையும் இல்லையெண்டு சொன்னனி. இதிலையாவது இருக்கட்டும்." நான் ஒரேயொரு தரம் சொன்ன திகதியை, கேட்காமலே எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். அவர் அதன் கீழே, இன்னார் வந்து சொன்னபடி பதியப்பட்டது என்று என் பெயரையும் எழுதி, புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். பிறப்பை யாரும் தானாக எழுத முடியாதாம். ஒருவர் வந்து சொல்லவேண்டுமாம், சொன்னவர் கையெழுத்து வைக்கவேண்டுமாம். "சொல்லுறது நீ. எழுதுறது நான்," என்று கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இன்றுவரை எனக்குச் சரியான அர்த்தம் தெரியாது. வாழ்நாள் முழுவதும் மனிதர் வந்து சொன்ன உண்மையையும் பொய்யையும் எழுதியவர், தெரிந்துமிருக்கலாம். நான் கையெழுத்து வைத்தேன்.

மூன்று வருடம் நன்றாகத்தான் போனது. என் பிறந்த நாளில் நீனாவுக்குப் பத்து வயது, பதினொன்று, பன்னிரண்டு என்று ஏறிக்கொண்டு போனது. புல்வெளியில் அது ஓடுகிற ஓட்டத்தை நான் போனில் படம்பிடித்து வந்து காட்டினால், "இந்த வயசிலை என்ன ஓட்டம் எண்டு பார்!" என்று வாய் பிளப்பார். "எல்லாம் உங்கடை சாப்பாடு," என்பேன். பிறகு அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. கட்டிலை விட்டு எழும்ப முடியாமற் போன நாட்களில், நீனா கட்டிலோரம் தலையை வைத்துக்கொண்டு நிற்கும். ஒரு நாள் அதன் காதைத் தடவிக்கொண்டே சொன்னார். "இது எனக்கு முந்திப் போகேல்லை. கணக்குக் கொஞ்சம் பிழைச்சுப்போச்சு. பன்னிரண்டு வயசு, இனி ஒரு சில மாசம்தான். அந்தச் சில மாசம் நீ பாப்பாய்தானே?" "ஓம் சிஞ்ஞோரா, பாக்கிறன்." சில மாதமல்ல, ஐந்தாறு வருடம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஓமென்றேன். அடுத்த கிழமை அவர் போய்விட்டார். நிம்மதியாகத்தான் போனார்.

சில மாதமென்ன, ஒரு மாதம்கூட என்னால் முடியவில்லை. சிஞ்ஞோராவின் வீடு விற்கப்பட்டு, இப்போது சுற்றுலாக்காரருக்கு அறை வாடகைக்குப் போகிறது. தமக்கை மகன் வீட்டில் கைக்குழந்தை. கபோவில் எங்கள் இரண்டு அறை வீட்டில் என் மனுசன், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். "உமக்கு விசரே? எங்களுக்கே படுக்க இடமில்லை, உந்தக் குதிரையை எங்கை கட்டுறது?" என்று கத்தினாலும் மனுசன் தன் போர்வையைத்தான் அதற்கு விரித்துக் கொடுத்தார். பதினொரு நாள் ஒளித்து வைத்திருந்தோம். வீட்டுச் சொந்தக்காரன் கண்டுவிட்டான். நாயா, வீடா என்று கேட்டான். எனக்கும் மொண்டெல்லோவில் ஒரு வயோதிபரோடு தங்கிப் பார்க்கிற வேலைதான் கிடைத்தது. பத்திரப்படி நான் இன்னும் உழைக்கிற வயதுக்காரி. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டும் லீவு. நீனாவை ஊருக்கு வெளியே இருக்கிற காப்பகத்தில் கொண்டுபோய் விட்டோம். கம்பிக் கதவைப் பூட்டியபோது அது குரைக்கவில்லை. அது ஒருநாளும் குரைக்கிற நாயில்லை.

அங்கே வேலை செய்கிற பெண்ணிடம் முதல் வியாழனே உண்மையைச் சொன்னேன். நீனாவுக்கு ஏழு வயதுதான், பன்னிரண்டில்லை, பொய் சொன்னது நான் என்றேன். அவள் நல்லவள், ஏசவில்லை. "ஆரும் எடுக்கட்டுமெண்டு எல்லாரும் வயசைக் குறைச்சுத்தான் சொல்லுகினம்," என்றாள். நீலப் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தாள். "இது உங்கடை கையெழுத்துத்தானே, சிஞ்ஞோரா?" ஓம், என்னுடையதுதான். அந்த வைத்தியர் பெண் வேறெங்கோ போய்விட்டார், போன் வேலை செய்யவில்லை. காப்பகத்து வைத்தியர் கண்ணைப் பார்த்துவிட்டு, வயது குறைவாக இருக்கக்கூடும் என்று ஓரத்தில் எழுதினார். இருக்கக்கூடும் என்பதை யார் வாசிக்கிறார்கள்? வருகிறவர்கள் நீனாவின் முன்னால் நின்று ஐயோ என்ன வடிவு என்கிறார்கள், திகதியை வாசிக்கிறார்கள், அடுத்த கூட்டுக்குப் போய்விடுகிறார்கள். திருத்தித் தரும்படி கெஞ்சினேன். எழுதினவரே வந்து திருத்தினால் ஏற்றுக்கொள்ளலாம் என்றார்கள். என் வயதை ஏஜென்சிக்காரன் குறைத்தான், நான் இன்னும் நிலம் துடைக்கிறேன். அதன் வயதை நான் கூட்டினேன், அது கம்பிக்குள் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்களோடு, இந்த ஊரின் காவற் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலையேறி மெழுகுதிரி கொளுத்துகிறேன். யாருக்கு எந்த வயதைக் கேட்பதென்று தெரியாமல் நின்றுவிட்டு இறங்கி வருகிறேன்.

போன வியாழன் என் பிறந்த நாள். அறுபத்தேழு. பேரப்பிள்ளைகள் ஜனவரி ஒன்றில்தான் என்னை வாழ்த்துவார்கள், அவர்களுக்குத் தெரிந்தது அதுதான். காப்பகத்துக்குப் போனேன். நீனாவின் கழுத்தில் ஒரு சிவப்பு ரிபன் கட்டியிருந்தது. ஒரு தட்டில் அரைத்த இறைச்சி, அதன் நடுவில் கொளுத்தாத ஒரு மெழுகுதிரி. "இண்டைக்கு நீனாவின்ரை பிறந்த நாள், புத்தகத்திலை பாத்தனான்," என்றாள் அந்தப் பெண். "பதின்மூண்டு. பாவம், இனி ஆர் எடுப்பினம்?" நீனா வந்து தன் பாரம் முழுவதையும் என் காலில் சாய்த்தது. முகத்தைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தேன். இன்னும் அதே கிணற்றுத் தண்ணீர்தான். எட்டு வயது. மேசையில் நீலப் புத்தகம் திறந்து கிடந்தது. சிஞ்ஞோராவின் கோடு, என் நாள், என் கையெழுத்து. இந்த நாட்டில் எனக்கு என் பிறந்த நாளைத் தந்த ஒரேயொரு பத்திரம். அதைக் கிழித்தால் நீனா வெளியே வரும் என்றால் அந்த இடத்திலேயே கிழித்திருப்பேன். கிழித்தும் பயனில்லை, கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டார்களாம். காப்பகத்து ஆட்கள் பாடத் தொடங்கினார்கள். என்னையும் கைதட்டச் சொன்னார்கள். நீனாவின் தலை என் வயிற்றோடு சாய்ந்திருக்க, பாட்டு முடியும்வரை கைதட்டிக்கொண்டு நின்றேன்.