புள்ளியை முதலில் வைத்தவள்

டி.டி.பி. தொழிலில் பிழைக்க வேண்டுமானால், யாருடைய எழுத்தானாலும் படிக்கத் தெரிய வேண்டும்; நம்முடைய எழுத்தை யாருக்கும் காட்டக் கூடாது. குழித்துறையில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சின்ன அச்சுக் கடை. அங்கே உட்கார்ந்து கல்யாண அழைப்பிதழும் கண்ணீர் அஞ்சலியும் சபை அறிக்கையும் அடித்து அடித்து, பேனா என்ற ஒரு சாமான் இருப்பதையே மறந்திருந்தேன். கூரியர்க்காரனுக்குக் கையெழுத்துப் போடுவதோடு சரி. இப்போது அவனும் போனை நீட்டி, விரலால் கிறுக்கச் சொல்கிறான். உங்கள் கதையும் இப்படித்தான் என்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

தமிழில் கோட்டை விட்டது

தபால் வழியில் பி.ஏ. படித்தேன். எல்லாப் பாடத்திலும் தேறினேன், தமிழைத் தவிர. காலையிலிருந்து சாயங்காலம் வரை தமிழ் அடிக்கிறவளுக்குத் தமிழ் தெரியாதா என்று கேட்காதீர்கள். பதிலெல்லாம் தெரியும். கையால் எழுதி முடிக்கத்தான் முடியவில்லை. அரை மணி நேரத்தில் கட்டைவிரல் மரத்துவிட்டது. போதாக்குறைக்கு இந்தப் புள்ளி. நான் பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பழகியவள். அந்த முறையில் ‘க்’ வேண்டுமென்றால் முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும், பிறகுதான் ‘க’. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதே விசைப்பலகையைத்தான் வைத்துக்கொண்டேன். அந்தப் பழக்கம் பேனாவுக்கும் வந்துவிட்டது. தாளில் முதலில் ஒரு புள்ளி வைத்து, அதற்கு நேர் கீழே எழுத்தைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்தேன். நான் ‘தமிழ்ச்சங்கம்’ எழுதி முடிப்பதற்குள் பக்கத்துப் பெண் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

விளையாட்டுக் காரியமில்லை. பக்கத்துப் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க் இடம் ஒன்று காலியாக இருந்தது. பட்டம் கையில் வந்தால் வேலை எனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். நான் படித்த பழைய பாடத்திட்டத்துக்கோ இன்னும் ஒரே ஒரு தடவைதான் தேர்வு வைப்பார்கள். அதிலும் தோற்றால் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. இதையெல்லாம் பக்கத்து நாற்காலியில் டைப் அடிக்கும் ரஹ்மத்திடம் சொல்லி அழாத குறையாகப் புலம்பினேன். அவள் தேங்காப்பட்டணத்துக்காரி, ஆறுதல் சொல்வதிலும் வியாபாரம் பார்ப்பாள்.

“ஏட்டி ஜெபா, இங்கிலீஷ்ல தோத்தா வெளிய சொல்லலாம். தமிழ்ல தோத்தேன்னு மட்டும் சொல்லாத, நம்ம கடைக்கு ஆள் வராது.”

அவசரமாக ஒரு சடங்கு

அதற்குப் பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் கையால் எழுதிப் பழகுவது என்று வைத்துக்கொண்டேன். கடையில் அதற்கு யார் விடுகிறார்கள்? முதல் நாளே ஒருவர் போனை நீட்டினார். அவருடைய அம்மா இறந்துபோயிருந்தார். எங்கள் பக்கம் பதினாறாம் நாள் சடங்குக்கு ‘அடியந்திரம்’ என்று பெயர். கார்டில் போடவேண்டியதை அவர் போனிடம் வாயால் சொல்லியிருக்கிறார். போன் அதை ‘அடி எந்திரம்’ என்று எழுதிவைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் அடி எந்திரத்துக்கு உற்றார் உறவினர் அனைவரும் வரவேண்டுமாம்.

அதைத் திருத்தினேன். “வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு இங்கிலீஷில் அனுப்பியது இது” என்று இன்னொன்றைக் காட்டினார். அதே சொல்லுக்கு மலையாளத்தில் அவசரம் என்றும் ஒரு பொருள் உண்டல்லவா? போன் அதைப் பிடித்துக்கொண்டு, ‘ஞாயிறு காலை வீட்டில் எமர்ஜென்சி, எல்லோரும் வருக’ என்று மொழிபெயர்த்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. துக்க வீட்டுக்காரர் முன்னால் எப்படிச் சிரிப்பது? “இதையும் மாத்தி அனுப்பிருவோமா அண்ணே?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“வேண்டாம் மக்ளே. சாவுக்கு லீவு இல்லேன்னு சொன்ன எனக்க தம்பி, எமர்ஜென்சியப் பாத்துட்டு இப்பம் பிளைட் ஏறியாச்சு.”

வெள்ளம் வராத தெரு

குளச்சலில் இருந்து குழித்துறைச் சந்தைக்கு மீன் கொண்டுவரும் ஓர் அக்கா ஒரு மனுவோடு வந்தார். அவர் சொல்லச் சொல்ல, மகள் போன் அதைத் தானாக எழுதியிருந்தது. ‘ஐயா, எங்கள் தெருவில் மூன்று மாதமாக வெள்ளம் வரவில்லை கேட்டியா. குடத்தைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பது கேட்டியா.’ அக்கா பேச்சில் ஒவ்வொரு வாக்கியமும் கேட்டியாவில்தான் முடியும். போன் ஒன்றைக்கூட விடவில்லை.

எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். வெளியூர் ஆபீசர் ‘வெள்ளம் வரவில்லை’ என்று படித்தால், நல்ல சேதிதானே என்று மடித்து வைத்துவிடுவார். விளக்கிச் சொன்னதும் தண்ணீர் என்று மாற்ற அக்கா சம்மதித்தார். ஆனால் டைப் அடிக்க விடவில்லை. “டைப் அடிச்சது எல்லாம் ஒண்ணுபோல இருக்கு, அவிய பாக்கமாட்டினும், கையால எழுது” என்றார். எனக்கும் எழுதிப் பழகியதுபோல் இருக்கும் என்று பேனாவை எடுத்தேன். புள்ளி வைத்து, எழுத்து வைத்து, ஒரு பக்கம் தேறுவதற்குள் அவருடைய மீன் கூடையில் ஐஸ் கரைந்துவிட்டது. பாவம், பொறுமையாக நின்றார். கடைசியில், “கேட்டியா என்பது மரியாதையாக இல்லை, எடுத்துவிடட்டுமா?” என்று கேட்டேன்.

“மூணு மனு குடுத்தாச்சு மக்ளே, ஒருத்தனும் கேக்கல்ல. அந்தக் கேட்டியா அங்கயே கெடக்கட்டு.”

கடைக்கு ஒரு போர்டு

என் கையெழுத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால் பயத்திலாவது திருந்தும் என்று ரஹ்மத் ஒரு யோசனை சொன்னாள். அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் ‘சாப்பிட்டுவிட்டு வருகிறோம், பத்து நிமிடம் பொறுங்கள்’ என்று எழுதித் தொங்கவிட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்தால், தோவாளைப் பூ வியாபாரி ஒருவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் போர்டைப் படித்துக்கொண்டு நின்றார். புதுக் கடைக்கு நோட்டீஸ் அடிக்க வந்தவர். இந்தக் கையா நம் நோட்டீஸை அடிக்கப்போகிறது என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

“எழுத்தெல்லாம் சரிதாம்மா, புள்ளிதான் மழைக்கு ஒதுங்கின மாதிரி ஒரு ஓரமா நிக்குது.”

போனில் தெரியாத பிழை

சர்ச்சின் சபைச் செயலாளர் ஒருவர் வருஷ அறிக்கைக்கு ப்ரூஃப் பார்ப்பார். வாட்ஸப்பில் அனுப்பினால் உடனே ஒரு கட்டைவிரல் வரும், அவ்வளவுதான். அதையே தாளில் அடித்துக் கொடுத்தால் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தாளில் வெள்ளையை விடச் சிவப்பு அதிகமாகும். ஒரு நாள், நான் எழுதிப் பழகிய கட்டுரைத் தாளையும் நைசாக நடுவில் சொருகிவிட்டேன். கையால் எழுதிய தாள் என்றுகூடப் பார்க்காமல் அதையும் திருத்தினார். பிழை நாலே நாலுதான்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “எப்படி சார், போனில் ஒன்றும் அகப்படாது, தாளில் மட்டும் இவ்வளவு?” என்று கேட்டேன்.

“போன்ல பாக்கும்போ எப்பம் முடியும்னு இருக்கும். பேனாவக் கையில எடுத்தா யாரு பண்ணின தப்புன்னு இருக்கும்.”

சத்தமில்லாமல்

தேர்வு நாகர்கோவிலில். இந்தத் தடவை ஒரு திட்டத்தோடு போனேன். புள்ளியை முதலில் வைக்க இது கோலமில்லை. முதலில் எழுத்தை எழுதிக்கொண்டே போவது, பக்கம் முடிந்ததும் மொத்தமாகப் புள்ளி வைப்பது. கையும் ஓடியது. ஆனால் நடுவில் ஒரு சொல்லுக்கு ‘ர’வா ‘ற’வா என்று சந்தேகம் வந்தால் என் மூளைக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அதனால் மேசை மேல் ஒரு தடவை தட்டிப் பார்த்து, எந்த விரல் எந்த இடத்துக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு எழுதினேன். இரண்டு மூன்று தடவை தட்டினேன். மேற்பார்வை பார்த்த தம்பி ஓடி வந்து தாளைப் பிடுங்கினார். முன் வரிசைக்குச் சாடை காட்டுகிறேனாம்.

இங்கே தாள் போனால் பட்டம் போச்சு, பள்ளிக்கூட வேலையும் போச்சு. தலைமைக் கண்காணிப்பாளர் அம்மா வந்தார். அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். நம்பாமல், “‘அகழ்வாராய்ச்சி’ எழுதுங்க, பாப்போம்” என்றார். மேசையில் தட்டினேன், பிறகு எழுதினேன். அவர் என் விரலையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, அடிங்க. சத்தமில்லாம அடிங்க” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். போன நேரம் யார் தருவார்கள்? கடைசிப் பதிலை எழுதி முடித்தபோது மணி அடித்துவிட்டது. கடைசிப் பக்கம் முழுவதும் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. “மேடம், புள்ளி மட்டும்…” என்று கெஞ்சினேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு அடுக்கில் வைத்தார்.

“அந்தக் காலத்து ஓலையில புள்ளி ஏது? திருத்துறவர் சுவடி படிச்சவரா இருந்தா பிழைச்சீங்க.”

ஒரு எழுத்து

சுவடி படித்தவர் கையில்தான் தாள் போயிருக்கிறது. முடிவு வந்த அன்று ரஹ்மத் என் போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, கடை அதிரக் கூவினாள். தேறிவிட்டேன்! தாராளமாக இல்லை, ஒட்டிக்கோ கட்டிக்கோ என்றுதான். நான் மேசையிலேயே தலையை வைத்து அழுதேன். கடைக்காரர் தங்கராஜ் அண்ணன் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் வேலையை விட்டுப் போவதில் அவருக்கு வருத்தம் என்று நினைத்தேன், எனக்கும் கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலை வந்து பார்த்தால் கடை வாசலில், பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரும் பார்க்கும்படி ஒரு பிளெக்ஸ். என் போட்டோவுக்குக் கீழே, ‘தமிழில் தேரிய எங்கள் ஜெபாவுக்கு வாழ்த்துகள்’. அண்ணன் யார் உதவியும் இல்லாமல் போனில் தானே அடித்து, தானே அச்சுப் போட்டிருக்கிறார்.

இன்னொரு பிளெக்ஸ் அடிக்கச் சொல்ல மனம் வரவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, மார்க்கர் பேனாவால் அந்த ‘ர’வைக் கையாலேயே ‘ற’ ஆக்கினேன். மற்ற எழுத்தெல்லாம் வரிசையாக நிற்க, அது ஒன்று மட்டும் பருத்து, கொஞ்சம் கோணி நின்றது. அசிங்கமாகத்தான் இருந்தது. “கெடுத்துட்டேனா அண்ணே?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினேன். அண்ணன் ரோட்டின் அந்தப் பக்கம் வரை போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

“அந்த ஒரு எழுத்துலதான் மக்ளே, நீ பாஸானது தெரியுது.”

இப்போது பள்ளிக்கூட அலுவலகத்தில் காலையில் பேனாவால் பதிவேட்டில் எழுதுவதையே மத்தியானம் கம்ப்யூட்டரிலும் அடிக்கிறேன், சம்பளம் மட்டும் ஒரு தடவைதான்.