கேட்டக்கா முகர்ந்த சட்டை

ஆயத்த ஆடை ஆலையின் கேட்டில் நின்று, வேலை முடிந்து போகிறவர்களின் பைகளைச் சோதிப்பதுதான் அவள் வேலை. எல்லோருக்கும் அவள் கேட்டக்கா. டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒரு பட்டன் ஒட்டியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தப் புத்தியை ஆலையிலேயே கழற்றி வைத்துவிட்டு வரத்தான் அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் புருஷன் இருமிக்கொண்டிருந்தார். அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தது அவருடைய சொந்த அக்கா. அது கெட்டுப்போனால் நாத்தனார் முகத்தில் எப்படி விழிப்பது, மனிதர்தான் பிழைப்பாரா என்று கேட்டக்கா எந்நேரமும் அவரையே கண்காணித்தாள். ஆபரேஷன் முடிந்தபோது நர்ஸ் எத்தனையோ எச்சரிக்கை சொல்லியிருந்தாள். சிகரெட் என்ற ஒன்றுதான் இவள் காதில் ஏறியது. ஏனென்றால் ஆள் ஒருகாலத்தில் ஊதித் தள்ளியவர்.

இப்போது விடிந்தும் விடியாமல் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவர் சட்டையை எடுத்து முகர்ந்தாள். புகை வாசம் இல்லை, ஈரமண் வாசம்தான். சரியான கைதேர்ந்த கள்ளன் என்று முடிவு கட்டினாள்.

"மறுபடியும் ஊதுறீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

"அப்ப பால்கனியில என்ன வேலை?"

"காத்து வாங்குறேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் அவளுக்குத் திருட்டுச் சிரிப்பாகவே பட்டது.

அவளுக்கோ தோள்பட்டை வலி. உரத்துக்காகப் பால்கனியில் அவள் வைத்திருந்த டிரம்மில் காய்கறிக் கழிவைக் கொட்டுவதோடு சரி, கிளறுவதில்லை. ஆனாலும் அது பொலபொலவென்று உரமாகி வந்தது. எல்லாம் தன் கைராசி என்று அதில் பெருமை வேறு.

பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரைக்கு மசியவில்லை. போலிச் சரக்கோ என்று மருந்துக்கடைக்காரரையும் சந்தேகப்பட்டாள். சளியில் ரத்தம் தெரிந்த பிறகே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஸ்கேன் எடுத்து, நுரையீரலிலிருந்து நீர் எடுத்துச் சோதித்த டாக்டரம்மா, "பூஞ்சை பிடிச்சிருக்கு" என்றார்.

"ரொட்டியில பூக்குமே, அதுவா?"

"கிட்டத்தட்ட அந்த வகைதான். கண்ணுக்குத் தெரியாத அதோட தூள் காத்துல எங்கயும் இருக்கு. நாம தினமும் உள்ள இழுக்கிறோம், உடம்பே அதை அழிச்சிடும். இவருக்குப் புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கக் கூடாதுன்னு, எதிர்ப்புச் சக்தியை மருந்தால அடக்கி வெச்சிருக்கோம். புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவங்க, ரொம்ப நாளா ஸ்டீராய்டு சாப்பிடுறவங்க, இவங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. மக்கின குப்பையில அது ரொம்ப அதிகம், கிளறினா பறக்கும். அப்படி எதையாவது கிளறினாரா?"

"நான் காவல் இருக்கேன் டாக்டர், இவர் எங்கயும் போகல."

புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உனக்குத் தோள் வலிக்குதேன்னு டிரம்மை நான்தான் கிளறிவிட்டேன். சொன்னா நீ விடமாட்ட."

கேட்டக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள்.

மருந்து மாதக்கணக்கில் ஓடியது. அவர் பிழைத்தார், அக்கா கொடுத்த சிறுநீரகமும் தப்பியது. டிரம் வீட்டைவிட்டே போய்விட்டது. ஆனாலும் அவள் இன்றும் அவர் சட்டையை முகர்ந்து பார்க்கிறாள்.

"இன்னும் சிகரெட்டையா தேடுற?"

"இல்லங்க. நான் வெச்ச டிரம்மோட மண் வாசத்தைத்தான்."