சொப்பன மாஸ்டர் வாங்கிய புல் மிஷின்

தையல் மாஸ்டருக்கு அந்தத் தெருவில் வைத்த பெயர் சொப்பன மாஸ்டர். பெயர் சும்மா வந்துவிடவில்லை, அவரே பாடுபட்டுச் சம்பாதித்தது. ஒருமுறை ஒரு சட்டைக்கு இரண்டு இடது கைகளை வைத்துத் தைத்து, இஸ்திரி போட்டு, மடித்தும் கொடுத்துவிட்டார். மறுநாள் சட்டைக்காரர் திரும்பி வந்து, "மாஸ்டர், எனக்கு வலது கை இல்லைன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். மாஸ்டர் அந்தச் சட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதைத் தைக்கும்போது தாம் ஒரு கடற்கரையில் நடந்துகொண்டிருந்ததாகச் சொன்னார். கால் மிஷினை மிதிக்கும், ஆள் கடற்கரையில் இருப்பார். ஆயுசில் பாதி அப்படித்தான் போயிருக்கிறது.

கடை ஓடியதற்குக் காரணம் அவர் மனைவி. முப்பத்தோரு வருஷம் அவருக்கு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து காஜா எடுத்து, பட்டன் வைத்து, ஓரம் மடித்து, வாடிக்கையாளர்களைச் சமாளித்தவள் அவள்தான். மிஷினுக்கு அடியிலிருந்து நூல் கொடுக்கும் பாபின் என்ற சின்னச் சக்கரத்தில் நூல் சுற்றி வைப்பதும் அவள் வேலை. மாஸ்டர் கையை மட்டும் நீட்டுவார், பாபின் வந்து உட்காரும். அது எங்கிருந்து வருகிறது என்று அவர் யோசித்ததே கிடையாது.

நான்கு மாதத்துக்கு முன் அவளுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய வாரம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய எல்லா நிறத்திலும் பாபின் சுற்றி வைத்துவிட்டுத்தான் போனாள். வெள்ளை இரண்டே மாதத்தில் தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு யார் வெள்ளைத் துணி கொண்டுவந்தாலும், "இப்ப வெள்ளை எடுக்கறதில்லைங்க" என்று மாஸ்டர் திருப்பி அனுப்பிவிடுவார். பாபின் சுற்றத் தெரியாது என்று வாய் திறந்து சொல்ல வெட்கம். படுத்திருப்பவளிடம் காலி பாபினை நீட்டவோ அதைவிட வெட்கம்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. டாக்டர் அம்மா ஒன்றே ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: "நடக்கணும். நடக்கலைன்னா முட்டி அப்படியே இறுகிப்போயிடும். அப்புறம் ஆயுசுக்கும் வாக்கர்தான்." எங்கே நடப்பது? வீட்டுக்குள் கட்டிலிலிருந்து அடுப்படிக்குப் பதினோரு அடி. அதற்குள் இரண்டு நாற்காலி, ஒரு பீரோ, ஒரு திருப்பம். தெருவில் நடக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அந்தத் தெருவிலேயே வேகமாக நடப்பவள் என்று பெயர் எடுத்தவள், நாலு கால் கம்பியைத் தள்ளிக்கொண்டு போய் எல்லோருடைய 'அய்யோ பாவ'த்தையும் வாங்கிக்கொண்டு வருவாளா?

மிச்சம் இருந்தது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டம். தோட்டம் என்று சொல்வது மரியாதைக்கு. பின்வாசலிலிருந்து மதில்சுவர் வரை பதினெட்டு அடி, குறுக்கே பன்னிரண்டு அடி, அவ்வளவுதான். யாரும் கவனிக்காத அந்தச் சில மாதங்களில் புல் அங்கே முழங்கால் உயரத்துக்கு எழும்பிவிட்டது. காலை வெயில் சாய்வாக விழும்போது அதன் நுனிகள் எல்லாம் வெளுத்து, காற்று வந்தால் மொத்தமும் ஒரே பக்கமாகச் சாய்ந்து மெல்ல எழுந்திருக்கும். மாஸ்டர் டீ டம்ளரோடு பின்வாசலில் நின்று அதைப் பார்ப்பார். புல்லே இல்லாத தரையில் அவள் சுவர் வரை போய்த் திரும்பி வருவது அவர் கண்முன் ஓடும். டீ ஆறிப்போகும். புல் அப்படியே இருக்கும்.

முதல் மாதம் அவள் தினமும் கேட்டாள். "என்னங்க, அந்தப் புல்லு?" "இதோ, இந்த வாரம்." இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒருமுறை கேட்டாள். புல் வெட்ட ஒரு ஆள் வந்தான், எட்டிப் பார்த்தான், "இவ்ளோண்டு எடத்துக்கு வந்தா எனக்குக் கட்டுப்படியாகாதுங்க" என்று போய்விட்டான். குனிந்து அரிவாள் பிடிக்க மாஸ்டரின் இடுப்பு இடம் கொடுக்கவில்லை. ஒருநாள் பழைய துணிக் கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு மணி நேரத்தில் ஒரு பாய் அகலத்துக்கு வெட்டினார். மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. மூன்றாம் மாதம் அவள் ஒரே ஒரு முறை கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கேட்காததை மாஸ்டர் முதலில் நிம்மதி என்று நினைத்தார். ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்தபோது, கட்டில் பக்கத்து ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. தோட்டத்தைப் பார்க்கும் ஜன்னல் அது. "வெளிச்சம் கண்ணைக் குத்துதா?" என்றார். "இல்ல. பாத்து என்ன ஆகப் போகுது?" என்று சொல்லிவிட்டு அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் மாஸ்டர் தாங்கியிருப்பார். டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருந்தது, இவளோ நடக்கும் ஆசையையே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

மறுநாள் கடையைப் பாதியிலேயே பூட்டிவிட்டு, இஞ்ச் டேப் கழுத்தில் தொங்கத் தொங்க இரும்புச் சாமான் கடைக்குப் போனார்.

கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மூன்று மிஷின்களைக் கொண்டுவந்து சாய்த்து வைத்தாள். மூன்றுக்கும் பிளேடு கிடையாது. தலையில் ஒரு ரீல், அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நைலான் நரம்பு. நரம்பு சுழன்று புல்லை அறுக்கும். நூலால் வெட்டுகிற மிஷின் என்று கேட்டதுமே மாஸ்டருக்கு அதன்மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. டேப்பை எடுத்துத் தண்டை அளந்தார். கைப்பிடியைச் சுற்றி அளந்தார்.

"மாஸ்டர், மிஷின் வாங்க வந்தீங்களா, மிஷினுக்குச் சட்டை தைக்க வந்தீங்களா?"

"தோள்ல மாட்டினா எங்க வருதுன்னு பாத்தேன்மா."

"அது இருக்கட்டும். எவ்ளோ எடம்?"

"நூத்தி நாப்பத்தி நாலு இஞ்சு அகலம், இருநூத்திப் பதினாறு இஞ்சு நீளம்."

கடைக்காரம்மா விரல் விட்டுக் கணக்குப் போட்டுச் சிரித்தாள். "பன்னெண்டுக்குப் பதினெட்டுன்னு சொல்லக் கூடாதா? அப்ப இந்தப் பெட்ரோல் மிஷின் உங்களுக்கு வேண்டாம். வெலையும் ஜாஸ்தி, வெயிட்டும் ஜாஸ்தி. ஊரே எழுந்து உக்காரும்."

"பொகை வருமா?"

"வராம? நல்லாவே வரும்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவளை நினைத்து, மாஸ்டர் பெட்ரோல் மிஷினைச் சுவரோரம் தள்ளி வைத்தார். அடுத்தது பேட்டரியில் ஓடுவது. பார்க்க அழகாக, சத்தமில்லாமல் இருந்தது. விலை அட்டையைப் பார்த்ததும் பரவாயில்லையே என்று நிமிர்ந்தார். "அது மிஷினுக்கு மட்டும். பேட்டரி, சார்ஜர் எல்லாம் தனி" என்றாள் கடைக்காரம்மா. மாஸ்டர் குனிந்துகொண்டார்.

மூன்றாவது ஒல்லியாக, கொஞ்சம் ஏழைக் களையோடு நின்றது. கரண்டில் ஓடுவது, பின்னால் வயர். பெட்ரோல் மிஷின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கையால் தூக்கினார், வலிக்கும் இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. "பெரிய எடம்னா வயர் இழுத்து மாளாது. உங்க எடத்துக்கு அடுப்படி ப்ளக்ல இருந்து ஒரு நீள வயர் போதும். இத எடுத்துக்குங்க. எனக்கு லாபம் கம்மி, உங்களுக்கு இதுதான் சரி." என்று கடைக்காரம்மா முடித்தாள்.

மாஸ்டர் மிஷினைக் கையில் பிடித்தபடி மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார். அதன் காற்றில் கடையில் தொங்கிய கயிறுகளும் வாளிகளும் லேசாக ஆடின. புல் சாய்ந்து வழி விட்டது. அவள் வந்தாள், நீல உடையில், வாக்கர் இல்லாமல், பழைய வேகத்தில். சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. கேட்காமல் போனது அது மட்டுமல்ல. "கண்ணாடி போட்டுக்குங்க, ஷூ போட்டுக்குங்க. நரம்பு தேஞ்சா தலையத் தரையில ஒரு தட்டு தட்டுங்க, தானா நீளும். ரீல்ல மட்டும் கை வெக்காதீங்க, அது சுத்தின மாதிரியே இருக்கட்டும்" என்று கடைக்காரம்மா சொன்னதில் பின்பாதியும் காற்றோடு போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ரீலைத்தான் கழற்றினார். நரம்பு உள்ளே தொளதொளவென்று, பாதி ரீலுக்குக் காலியாக இருந்தது. தையல்காரன் கண்ணுக்கு அது பொறுக்குமா? அடிநூல் சரியில்லாவிட்டால் தையல் எப்படிச் சரியாக வரும்? பாபின் சுற்றியதில்லைதான். ஆனால் சுற்றுவதை முப்பத்தோரு வருஷம் எதிரில் இருந்து பார்த்தவர். மொத்தத்தையும் உருவி, மிஷினோடு கொடுத்த உபரி நரம்பையும் சேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி இறுக்கி விளிம்பு வரை சுற்றினார். ரீல் கொழுகொழுவென்று ஆனது. மாஸ்டருக்கு ஒரே பெருமை.

காலையில், கண்ணாடியும் ஷூவும் போட்டுக்கொண்டு பின்வாசலில் இறங்கினார். எவ்வளவு அகலம் வெட்ட வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்திருந்தார். வாக்கரின் அகலம் இருபத்தாறு இஞ்சு, தையலுக்கு விடுகிற மாதிரி பக்கத்துக்கு நாலு இஞ்சு லூஸ். கயிறு கட்டிக் கோடு போட்டு மிஷினை ஓட்டினார். நரம்பு வீணை மாதிரி முனகியது. புல் விழுந்த இடமெல்லாம் பச்சை வாசனை கிளம்பியது. மாஸ்டர் தாம் எங்கேயும் போகாமல், இருந்த இடத்திலேயே இருப்பதை ஆச்சரியத்தோடு கவனித்தார்.

ஏழாவது அடியில் வெட்டு நின்றது. மிஷின் தலை சுற்றுகிறது, புல் சும்மா தலையாட்டுகிறது. நரம்பு தேய்ந்துவிட்டது. தரையில் தட்டினார். நீளவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினார். பூட்டிய கதவைத் தட்டுகிற மாதிரி தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் மிஷினை நிறுத்திவிட்டுக் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தார். சுவர் இன்னும் பதினோரு அடி தூரத்தில் இருந்தது. ஒரு காரியம், ஒரே ஒரு காரியம் அவளுக்காகச் செய்யக் கிளம்பினால் இதுவும் இரண்டு இடது கையாகத்தான் வருமா? அவருக்கு அழுகை வந்தது. கண்ணாடியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, கெணறு தோண்டுறீங்களா?"

திரும்பிப் பார்த்தார். ஜன்னல் திரை விலகியிருந்தது.

"நரம்பு வர மாட்டேங்குது."

"அந்த ரீல யாரு சுத்தினா?"

"நான்தான்."

அப்புறம் வீட்டுக்குள்ளிருந்து டக், டக் என்று வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம் வந்தது. பின்வாசல் படியில் அவள் நின்றாள். மாஸ்டர் பதறி ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார். "கைய எடுங்க. மொதல்ல அந்த ப்ளக்கப் பிடுங்கிட்டு வாங்க" என்றாள். ஒரே படி, மெதுவாக இறங்கினாள். வெட்டிய வழியில் வாக்கர் எந்தப் பக்கமும் இடிக்காமல் வந்தது. ஏழடியும் அவளே வந்து, கையை நீட்டினாள். இந்தத் தடவை ரீலை எடுத்துக் கொடுத்தவர் மாஸ்டர்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விளிம்பு வரைக்கும் அடைச்சு வெச்சிருக்கீங்களே, நூல் எந்த வழியா வெளிய வரும்? மேல கொஞ்சம் எடம் விட வேண்டாமா? இங்க பாருங்க, அம்புக்குறி இந்தப் பக்கம் காட்டுது, நீங்க அந்தப் பக்கம் சுத்தியிருக்கீங்க."

"நீ சுத்தறதப் பாத்துதான்..."

"எதிர்ல உக்காந்து பாத்தா எல்லாமே தலைகீழாத்தான் தெரியும்."

சொல்லிக்கொண்டே நரம்பை உருவினாள். பாதியை வெட்டித் தனியாக வைக்கச் சொன்னாள். மீதியை விரலால் தடவித் தடவி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகச் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு கையில் ரீல், ஒரு கையில் நரம்பு. மாஸ்டர் அப்போதுதான் பார்த்தார். வாக்கர் அரையடி தள்ளித் தனியாக நின்றுகொண்டிருந்தது. அவள் இரண்டு காலில், வெயிலில், எதையும் பிடிக்காமல் நின்றாள். இது கடையில் மின்விசிறிக்கு அடியில் கண்டதன் மிச்சமோ என்று அவருக்குச் சந்தேகம். ஷூவுக்குள் கால்விரலை மடக்கிப் பார்த்தார், ஷூ கடித்தது. நிஜந்தான். வாயைத் திறந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் பயந்துவிடுவாள் என்று மூச்சுக்கூடப் பார்த்துத்தான் விட்டார்.

சுற்றி முடித்து ரீலை அவர் உள்ளங்கையில் வைத்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த புல்லை ஒரு பார்வை பார்த்தாள். காற்று வந்து அது மொத்தமும் சாய்ந்து எழுந்தது.

"என்னங்க, சுவர் வரைக்கும் எப்ப வெட்டுவீங்க?"

இத்தனை நாள் அவள் கேட்காமல் இருந்த கேள்வி. மாஸ்டர் ரீலை மாட்டிவிட்டு, ப்ளக்கைச் சொருக அடுப்படிக்கு ஓடினார்.