இடுப்பில் தொங்கிய கொக்கி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மணவாள நகரில் என் வீட்டுக் கதவைத் தட்டிய பெண்ணின் கையில் லேமினேட் செய்த அட்டை ஒன்று இருந்தது. உள்ளங்கை அகலம். நான்கு மூலையும் தேய்ந்திருந்தது. அதில் இருந்த தமிழ் என்னுடையது.

“நான் ஏழுமலை சம்சாரம் சார், கஸ்தூரி. பெரியபாளையத்துலேர்ந்து வரேன்” என்றாள்.

ஏழுமலை யார் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் தாமோதரன் யார் என்று சொல்ல வேண்டும்.

தாமோதரன் எங்கள் தெருக்காரர். காண்ட்ராக்டர். கும்மிடிப்பூண்டி ஃபேக்டரிகளில் ஷெட் போடுவது, கூரை மாற்றுவது அவர் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், சேஃப்டி சர்ட்டிஃபிகேட் இல்லாத காண்ட்ராக்டருக்கு கேட்டைத் திறக்க மாட்டோம் என்று பெரிய கம்பெனிகள் சொல்லிவிட்டன. சர்ட்டிஃபிகேட் வேண்டுமென்றால் ஆடிட்டர் வருவார். பேப்பரைப் பார்ப்பதோடு விடமாட்டார். வேலையாளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். ஆகவே கேள்வி பதிலை நல்ல தமிழில் எழுதித் தர ஓர் ஆள் தேவை. பத்திரிகையில் எழுதுகிறவன் அதே தெருவில் இருக்கும்போது வேறு யாரிடம் போவார்?

“அட்டைல ஒரே பக்கத்துல அடங்கணும் சார். நம்ம ஆளுங்க மனப்பாடம் பண்ணணும்” என்றார்.

அவர் கொடுத்த கேள்வி பதில் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் இருந்தது. அதனால் என்ன... சுருக்குவதுதானே என் பிழைப்பு? வாராவாரம் இந்தப் பத்தியையே வெட்டி வெட்டித்தான் உங்களிடம் அனுப்புகிறேன். அரை மணி நேரத்தில் முடித்தேன். ‘உயரத்தில் ஏறும்போது பெல்ட் அணிய வேண்டும்.’ அதற்கு அடுத்த வரி, பெல்ட்டில் இருக்கும் கொக்கியை எங்கே மாட்டுவது என்பது. ஒரு வரி அதிகமாகிப் பக்கத்தில் அடங்காமல் இடித்தது. பெல்ட் போடுகிறவனுக்குக் கொக்கி மாட்டத் தெரியாதா என்று அதை அடித்துவிட்டேன். அட்டை கச்சிதமாக அமைந்தது. எனக்கே கொஞ்சம் பெருமைதான்.

தாமோதரனிடம் கூரைக்கு ஷீட் போடுகிறவர் ஏழுமலை. படிக்கத் தெரியாது, ஆனால் காதால் கேட்டது அப்படியே நிற்கும். ஆடிட்டுக்கு முந்தின நாள் தாமோதரன் வீட்டில் ஒத்திகை நடந்தது. நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அத்தனை பதிலையும் தடங்கல் இல்லாமல் ஒப்பித்துவிட்டு ஏழுமலை என்னிடம் கேட்டார்.

“சார், பெல்ட்டு கட்டிக்கினா கொக்கி சும்மா தொங்கிக்கினு கீது. அத்த இன்னா பண்றது?”

“ஆடிட்டர் அதெல்லாம் கேக்க மாட்டாருப்பா” என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவரும்தான்.

நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆடிட்டர் கேட்கவில்லை. சர்ட்டிஃபிகேட் வந்தது. தாமோதரன் ஒரு கிலோ மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட்டேன்.

போன மாதம் ஏழுமலை விழுந்தார். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கால் வைத்த ஷீட் உடைந்து, முப்பதடி கீழே. ஆஸ்பத்திரி போகும் வரைகூட உயிர் நிற்கவில்லை.

“பெல்ட்டு கட்டிக்கினுதான் சார் இருந்தாரு. ஆஸ்பத்திரில நானே பாத்தேன்” என்றாள் கஸ்தூரி. “கம்பெனில இன்னாடான்னா, ட்ரெய்னிங் குடுத்தோம், அட்டை குடுத்தோம், அவரு அஜாக்கிரதைதான் காரணம்னு எழுதிகீறாங்க.”

தினமும் இவள்தான் அட்டையைப் படித்துக் காட்டியிருக்கிறாள். சமைத்துக்கொண்டே படிப்பாளாம், அவர் திருப்பிச் சொல்வாராம். இப்போது முதல் பதிலிலிருந்து என்னிடம் வரிசையாகச் சொன்னாள். என் வாக்கியங்களை அந்தக் குரலில் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

“இதுல எத்த சார் அவரு செய்யல? எம் பொண்ணுக்கு நாலு வயசு. நாளைக்கு உங்கப்பா எப்படி செத்தாருன்னு கேட்டா, அஜாக்கிரதையா இருந்து செத்தாருன்னு சொல்லவா?”

என்ன சொல்வது? விதி என்று சொல்லலாம். காபி சாப்பிடும்மா என்று பேச்சை மாற்றலாம். எழுதிப் பிழைக்கிறவனுக்கு வார்த்தைக்கா பஞ்சம்?

சொல்லிவிட்டேன். “இன்னொரு வரி இருந்துச்சும்மா. கொக்கிய எங்க மாட்டணும்னு. இடம் பத்தலன்னு நான்தான் எடுத்துட்டேன். அவர் என்கிட்ட கேக்கவும் கேட்டாரு. நான் சிரிச்சிட்டேன்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“அப்போ அவரு மேல தப்பு இல்ல?”

“இல்லம்மா.”

அட்டையைத் திருப்பி என் முன்னால் நீட்டினாள். “அத்த இதுல எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்க.”

பேனா பிளாஸ்டிக்கில் வழுக்கியது. எழுத்து நிற்கவில்லை. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை அட்டையோடு சேர்த்து மடியில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

சாயங்காலம் தாமோதரன் வீட்டுக்குப் போனேன். கெட்ட மனிதர் இல்லை. ஏழுமலை பெயரைச் சொன்னதும் அழுதார். “மாட்றதுக்கு மேல கயிறே கட்டல சார். கட்டணும்னா அரை நாள் ஆகும். யாரும் கேக்கல, நானும் உட்டுட்டேன்” என்றார். அவர் தலைக்கு மேலே சர்ட்டிஃபிகேட், கண்ணாடி போட்டு, ஆணியில் உறுதியாக மாட்டியிருந்தது.

யாரும் கேட்கவில்லையா? ஏழுமலை கேட்டாரே. பதிலைச் சரியாகச் சொன்னவரைப் பாராட்டினோம். அவர் கேட்ட ஒரே கேள்விக்குத்தான் எங்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நான் அடித்த வரியை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்: ‘கொக்கியைத் தலைக்கு மேல் உறுதியான இடத்தில் மாட்டவும்.’

ஆறு வார்த்தை. அட்டையின் பின்பக்கம் முழுக்கக் காலியாகத்தான் இருந்தது.