கைபேசிக்குள் அடங்காத மரண அறிவித்தல்

வெளிநாடு வந்து பென்ரோஸில் நான் பார்த்த வேலையை யாருக்காவது விளங்கப்படுத்தத் தொடங்கினால், பாதியிலேயே எனக்குச் சீ என்று போய்விடும். கம்பியூட்டர் வேலை என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவேன். உண்மையில் அது காவல்காரன் வேலை. கைபேசிகளுக்கென்றே ஒருவகை இணைய முகவரி அந்த நாட்களில் விற்பனைக்கு இருந்தது. புள்ளிக்குப் பின்னால் மொபைல் என்பதன் சுருக்கம் வரும். ஆனால் காசு கொடுத்து வாங்கியவர் தன் விருப்பத்துக்கு எதையும் அதில் போட முடியாது. அதற்கு விதிகள் இருந்தன. முன்னால் மூன்று டபிள்யூ தட்டாமலே பக்கம் திறக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைச் சொருகக் கூடாது. சின்னத் திரைக்குள் எல்லாம் அடங்க வேண்டும், பாரமான படங்கள் ஆகாது. தவறினால் எச்சரிக்கை போகும், பிறகு ஒரு தவணை, அதுவும் கடந்தால் பெயரை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பெயர்களை விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில், விற்றவை விதிப்படி நடக்கின்றனவா என்று பார்ப்பது என் தலையெழுத்து.

என் மேசை லாச்சிக்குள் பழைய போன்கள் நிறையக் கிடந்தன. காலையில் வீடு இருக்கிற தகனினியிலிருந்து மோட்டர்வேயில் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்ததும் அவற்றைச் சார்ஜில் போடுவேன். பிறகு ஒவ்வொரு முகவரியாகத் தட்டித் திறந்து, வருகிறதா, உடைகிறதா என்று பார்ப்பேன். பக்கத்து மேசையில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். "என்ன சார், இன்னைக்கு யாரைத் தூக்கில போடப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் கோப்பியை வைப்பார். முதல் மாதம் சிரித்தேன். பிறகு அதற்கும் தெம்பில்லை.

அப்படி ஒருநாள் திறந்த பக்கம்தான் இது. பட்டன் போனில் வெள்ளையாக வந்தது. கீழே தள்ளினேன், வெள்ளை. இன்னும் தள்ளினேன், வெள்ளை. கடைசியில் பொட்டு வைத்த ஒரு நெற்றியின் பாதி தெரிந்தது. அந்தப் பொட்டைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல். பேப்பரில் வருகிற மாதிரி, பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், அன்பு மனைவியும், பாசமிகு தாயாரும், மைத்துனிமார், சம்பந்திமார் என்று முழுவதையும் ஒரே படமாக ஏற்றி வைத்திருந்தார்கள். அந்தத் தளத்தில் இருந்த எல்லாமே அப்படித்தான். ஒரு விதியிலும் தேறவில்லை.

எச்சரிக்கை அனுப்பினேன். பதில் இல்லை. திரும்ப அனுப்பினேன், அதற்கும் இல்லை. எங்கள் மேலாளர் நல்ல மனிசி, ஆனால் தமிழ்ப் பெயர் ஒன்று கண்ணில் பட்டால் அந்தப் பிரச்சினை என்னுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே வராது. "உங்கள் சமூகம்தானே, நீங்களே பேசிவிடுங்களேன்" என்றார். போன் எடுத்தேன். மறுமுனையில் அந்தத் தளத்தை நடத்துகிறவர் அவசரமில்லாமல், "தம்பி, உதெல்லாம் போனில கதைக்கேலாது. சனிக்கிழமை வீட்டை வாங்கோ" என்றார். நாசமாய்ப் போக, ஓய்வு நாளும் போச்சு.

பிளாட் புஷ்ஷில் அவர் வீடு, எல்லா வீடும் ஒரே மாதிரி நிற்கிற தெரு. கதவைத் திறந்தது அவருடைய மகள், பள்ளிக்கூடம் முடிக்கிற வயது. ஆங்கிலத்தில் உள்ளே வரச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அவரே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். ஐம்பது கடந்த மனிதர். பென்ரோஸில் என் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வேர்ஹவுஸில்தான் வேலை.

"அண்ணை, இவ்வளவு பெரிய படத்தைப் போன் தாங்காது. எழுத்தாப் போடுங்கோ" என்றேன்.

அவர் தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். யாரோ தமிழில் அனுப்பியிருந்த செய்தி. திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்திருந்தது. அப்போதைய போன்கள் பலவற்றுக்கு எங்கள் எழுத்துத் தெரியாது.

"ஒருத்தர் செத்த செய்தி இது. இதில எது தம்பி அவற்ற பேர்?"

"அப்ப இங்கிலீஷில போடுங்கோவன்."

"விசர்க்கதை கதையாதையுங்கோ. காலஞ்சென்ற எண்டதை இங்கிலீஷில என்னெண்டு எழுதுவியள்? ஒரு மருமகன்ர பேர் விடுபட்டதுக்கு ஒரு குடும்பம் இண்டைக்கும் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கிழமை முழுக்க மோட்டர்வேயிலும் விதிகளிலும் சாகிறவனுக்குச் சனிக்கிழமையும் இதுவா? "அண்ணை, சட்டம் எழுதினது நானில்லை. இப்பிடியே விட்டா பேரை நிப்பாட்டிப்போடுவினம். எல்லாரும் பாக்கிற சாதாரண முகவரி ஒண்டை வாங்கி, கம்பியூட்டரில பாக்கிற மாதிரிப் போடலாம்தானே?"

"கம்பியூட்டரை ஆர் பாக்கினம்? டாக்ஸி ஓடுறவன், கிளீனிங்குக்குப் போறவள், என்னை மாதிரிப் பெட்டி அடுக்கிறவன், எல்லாரும் ஸ்மோக்கோ இடைவேளையில தேத்தண்ணியோட போனைத்தான் பாக்கினம். அதுக்குத்தானே தேடித் தேடி இந்த மொபைல் முகவரியை வாங்கினான்."

மகளின் அறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"இவளின்ர தாய் செத்தது நாங்கள் வந்த புதுசில. வேலை நாள். எனக்கு ஆரைத் தெரியும், ஆருக்குச் சொல்லுறது? செத்தவீட்டு ஹோலில நானும் இவளும், வேலையிடத்துப் பெடியள் ரெண்டு பேரும். பெட்டி தூக்கிறதுக்கு ஆக்கள் காணேல்லை. பியூனரல்காரர் தங்கட ஆக்களை விட்டுத்தான் தூக்கினவை. நல்ல மனிசர், கோட்டுப் போட்டு மரியாதையாத்தான் தூக்கினவை. ஆனா தம்பி, அதில ஒருத்தருக்கும் அவவைத் தெரியாது. பிறகு கடையில காணுற தமிழாக்கள் எல்லாம், 'ஐயோ, தெரிஞ்சிருந்தா வந்திருப்பமே' எண்டிச்சினம்."

யாரில் என்று தெரியாத ஒரு கோபம் எனக்கு வந்தது. செத்தவீட்டுக்கு ஆள் சேர்க்க ஒரு மனிதர் பக்கம் நடத்துகிறார், அதை நிறுத்துகிற வேலைக்கு நான் சம்பளம் வாங்குகிறேன்.

இரண்டு பேரும் அவருடைய பழைய கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தோம். முதல் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் நாலே வரி: பெயர், ஊர், எந்த மண்டபம், எத்தனை மணி. அதற்குக் கீழே ஓர் இணைப்பு. அதை அழுத்தினால்தான் படம் வரும், அதையும் துண்டு துண்டாக வெட்டி, திரைக்கு அளவாகச் சுருக்கினோம். அவர் அந்த நாலு வரியைக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன, பஸ் வாற நேரம் போட்ட மாதிரிக் கிடக்கு."

"சனம் நேரத்துக்கு வரத்தானே அண்ணை போடுறது."

அப்போதுதான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார். போகும்போது கடவுச்சொல்லையும் தந்தார். "உங்களிட்டயும் கிடக்கட்டும். பிள்ளைக்கு உது விளங்காது."

பக்கம் தேறியது. அதன் பிறகு, புதிதாக ஓர் அறிவித்தல் ஏறும்போதெல்லாம் லாச்சிப் போன்களில் திறந்து பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. வேலை என்று பார்த்தால் அது என் வேலையில்லை. முன்பின் தெரியாத ஆட்களின் பெயரையும் ஊரையும் வாசித்துவிட்டு, பின்னேரம் மோட்டர்வேயில் மற்றவனின் பிரேக் லைட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். சில நாட்களில் வானொலி போடவும் மனம் வராது.

வருடங்கள் போயின. போன்கள் பெரிதாகின. எந்தத் தளமும் எந்தத் திரைக்கும் தானாகவே அடங்கப் பழகிவிட்டது. விதிகளைப் பற்றிக் கேட்பார் குறைந்து, கடைசியில் எங்களிடம் ஒருவருமே கேட்கவில்லை. நான் அவ்வளவு காலம் கட்டிக் காத்ததை ஒரு கூட்டம்கூடப் போடாமல் விட்டுவிட்டார்கள். அட, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லாச்சியைத் துப்புரவாக்கி, முகவரி புதுப்பிக்க மறந்தவர்களின் ஏச்சைக் கேட்கிற மேசைக்கு என்னை மாற்றினார்கள். எங்கள் சனமும் வாட்ஸ்அப் குறூப்புகளுக்குப் போய்விட்டது. பிளாட் புஷ் அண்ணை மட்டும் அந்த முகவரியை விடவில்லை.

"குறூப்பில இருக்கிறவனுக்குச் சரி. இல்லாதவனுக்கு ஆர் சொல்லுறது?" என்று போனில் கேட்டார். அந்த வருடமும் முகவரியைப் புதுப்பித்துக் கொடுத்தேன்.

ஒரு மத்தியானம் அவருடைய மகள் அழைத்தாள். ஆங்கிலத்தில்தான் தொடங்கினாள், அப்பா என்ற சொல் மட்டும் தமிழ். ஆஸ்பத்திரியில், அதிகாலையில் என்றாள். பிறகு திக்கித் திக்கித் தமிழிலேயே கேட்டாள்:

"அங்கிள், அப்பாவை... பேஜில போடுறீங்களா? எனக்கு எழுத வராது."

கனடாவில் இருந்த அவருடைய தம்பியைப் போனில் பிடித்து, உறவுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். மருமக்கள் ஒருவரும் விடுபடவில்லை. யாரும் கேட்காவிட்டாலும், பழக்க தோஷத்தில் ஆங்கிலத்தில் நாலு வரியை முதலில் போட்டேன். கீழே, படம் இல்லாமல், தமிழ் எழுத்திலேயே முழு அறிவித்தலையும் தட்டினேன். என் போனில் திறந்து பார்த்தேன். ஒரு கட்டம்கூட இல்லை. அவருடைய பெயர் பளிச்சென்று இருந்தது. மேசையில் இருந்தபடியே அழுதேன். பக்கத்து மேசைக்காரர் அன்று பகிடி ஒன்றும் விடவில்லை. பிறகு அந்த இணைப்பை எனக்குத் தெரிந்த குறூப்புகளிலும் போட்டேன்.

செத்தவீடு நடந்ததும் வேலை நாள்தான். "போங்க சார், நான் பாத்துக்கிறேன்" என்று பக்கத்து மேசைக்காரர் அனுப்பிவைத்தார். வழக்கம்போல மோட்டர்வே நகரவில்லை, பிந்திவிட்டேன். மண்டபத்தில் கார் விட இடமில்லாமல் தெருவில் விட்டுவிட்டு ஓடினேன். உள்ளே வேர்ஹவுஸ் மஞ்சள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் வந்த ஆட்கள், டாக்ஸிக்காரர்கள், கிளீனிங் உடுப்போடு பெண்கள். தூக்குகிற நேரம் கோட்டுப் போட்ட பியூனரல்காரர்கள் முன்னால் வந்தார்கள். வந்தவர்கள், சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பின்னுக்குப் போய்விட்டார்கள்.

நான் நெருக்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் கை வைக்கப் பார்த்தேன். மஞ்சள் ஜாக்கெட்காரர் ஒருவர் திரும்பி, "அண்ணை, குறை நினையாதையுங்கோ, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. பிடிக்க இடமில்லை" என்றார்.

நான் தள்ளி நின்றேன்.